மானியக் கோரிக்கை 43-இல் ஒரு தனித் தலைப்பு: திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைச் செயலருக்கும் நிதித் துறைச் செயலருக்கும்,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் இருபத்தேழு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாலியல் கல்வி வேண்டுமா வேண்டாமா என்று வாதாட இந்த மடலை எழுதவில்லை. அந்த வாதத்தை உச்ச நீதிமன்றமே முடித்து வைத்துவிட்டது. நான் கேட்பது பணம். வரவு செலவுத் திட்டத்தில், பள்ளிக் கல்வித் துறையின் செலவுக்குச் சட்டமன்றத்திடம் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை எண் 43-இல், இந்தக் கல்விக்கென்று தனியாக ஒரு கணக்குத் தலைப்பு வேண்டும்.

பாடம் ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறதே, அதற்கு எதற்குத் தனிப் பணம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. எட்டாம் வகுப்பில் ‘வளரிளம் பருவமடைதல்’ இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தாவரங்களோடு சேர்த்து மனித இனப்பெருக்கமும், பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் ‘இனப்பெருக்க நலன்’ என்று ஒரு பாடமும் இருக்கின்றன. அந்தப் பக்கங்கள் வகுப்பில் என்ன ஆகின்றன என்பதற்கு நானே சாட்சி.

முதல் ஆறு வருடம் நான் அதை நடத்தவே இல்லை. மகரந்தச் சேர்க்கைக்கு இரண்டு பீரியட், கலர் சாக்பீஸில் செம்பருத்திப் படம், சூலகம், சூல்முடி எல்லாம் பிரமாதமாக நடக்கும். மனிதன் வந்ததும், “இது ஈஸியாத்தான் இருக்கும், வீட்டுல படிச்சிக்கோங்க.” கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு எழும். அதட்டுவேன். மணி அடித்துவிடும். அப்போதைய தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டவே செய்தார்: “நல்ல வேலை செஞ்சீங்கம்மா. ஊர்க்காரங்க வந்து நின்னா யாரு பதில் சொல்றது?” பி.எட். படித்தபோதும் சரி, பணியிடைப் பயிற்சிகளிலும் சரி, இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று எனக்கு ஒருவரும் ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தந்ததில்லை. நாற்பது பிள்ளைகளின் முன்னால் நின்று ‘கருப்பை’ என்று சத்தமாகச் சொல்வதற்குப் பழக்கம் வேண்டும். கேட்கச் சின்ன விஷயம்தான், நின்று பாருங்கள்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, மதிய இடைவேளையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வயித்துல என்னமோ அறுந்து போச்சு டீச்சர், நான் செத்துருவேனா?” என்று அழுதாள். அவளுக்கு வந்தது முதல் மாதவிடாய். அடுத்த மாதம் அவள் தெருவில் மஞ்சள் நீராட்டு விழா. முச்சந்தியில் அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ், மைக் செட், தாய்மாமன் சீர், பந்தல். நானும் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன். ஊருக்கே ஒலிபெருக்கி வைத்துச் சொன்ன செய்தியை, அது வருவதற்கு ஒரு நாள் முன்னால் அவளிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. அவளுடைய அறிவியல் ஆசிரியையான நானும்தான்.

அதன் பிறகுதான் ஒரு சாக்பீஸ் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு வகுப்பறை ஜன்னலில் வைத்தேன். பெயர் எழுத வேண்டாம், என்ன சந்தேகமானாலும் சீட்டில் எழுதிப் போடலாம் என்றேன். முதல் வாரம் சினிமாப் பெயர்களும் ஒருத்தனைப் பற்றிய கேலியும் வந்தன. மூன்றாவது வாரம் நிஜமான கேள்விகள் வந்தன. வெள்ளைப்படுதல் நோயா? தீட்டு நாளில் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெடுமா? எனக்கு மட்டும் ஏன் இன்னும் குரல் உடையவில்லை? தூக்கத்தில் துணி நனைந்தால் நரம்புத் தளர்ச்சியா?

அந்த ‘நரம்புத் தளர்ச்சி’ எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியும். மாதத்தில் ஒரு தேதி, ஒரு ஊர் லாட்ஜில் அறை எடுத்து முகாம் போடும் வைத்தியர்களின் விளம்பரங்களைப் பார்க்காமல் இந்த மாநிலத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. ‘இளம் வயதில் செய்த தவறுகளால் பாதிக்கப்பட்டவரா?’ என்று பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும், நள்ளிரவில் டிவியில் ஓடும். இரண்டு மூன்று தலைமுறை ஆண் பிள்ளைகளுக்கு இந்தச் சுவரொட்டிகள்தான் பாலியல் கல்வி. உடம்பில் இயல்பாக நடப்பதை நோய் என்று பயமுறுத்தி, அந்தப் பயத்தை லேகியமாக்கி விற்றார்கள். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று பிள்ளைகள் கையில் செல்போன் வந்தது. சுவரொட்டி இருந்த இடத்தில் இப்போது ஆபாச வீடியோ இருக்கிறது. ஆக, பள்ளி சொல்லித் தராவிட்டால் பிள்ளை எதுவும் தெரியாமல் இருப்பான் என்று நினைப்பது பெரியவர்களின் சௌகரியம்தான்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நிதித் துறைக்கு இது விசித்திரமாகப் படலாம், ஆனால் என் கோரிக்கையின் மையமே இதுதான். நம் பிள்ளைகளிடம் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசச் சொல் இல்லை. உறுப்புகளுக்கு இரண்டு வகைப் பெயர்கள்தான் அவர்களுக்குத் தெரியும். ஒன்று, சொன்னால் அடி விழும் கெட்ட வார்த்தை. இன்னொன்று, பரீட்சைத் தாளுக்கு வெளியே யாரும் உச்சரிக்காத புத்தக வார்த்தை. நடுவில் ஒன்றும் கிடையாது. தன்னை யாரோ தொட்டதைச் சொல்ல வரும் குழந்தை, “அங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கும். என்னிடம் ஒரு குழந்தை அப்படி நின்றிருக்கிறது. “அந்த மாமா வீட்டுக்கு டியூஷன் போக மாட்டேன்” என்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து நான் திட்டி அனுப்பினேன். பல மாதம் கழித்துத்தான் விளங்கியது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் எனக்குத் தெரிவதற்குக் குழந்தையிடம் சொல் இருக்க வேண்டும், அதைக் கேட்டுக்கொள்ளும் பயிற்சி எனக்கு இருக்க வேண்டும். இரண்டும் அன்று இல்லை.

மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு பதின்மூன்று மாநிலங்களில் நடந்தது. ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 53 விழுக்காட்டுக் குழந்தைகள் அதில் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். ‘பொம்பளப் பிள்ளைங்களுக்கு மட்டும் தனியா கூப்பிட்டு நாப்கின் கொடுத்துச் சொல்லிட்டா போதும்’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். புதுயுகம் திட்டத்தில் இலவச நாப்கின் வந்தபோது எத்தனை பெண் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காமல் இருந்தார்கள் என்பதைப் பார்த்தவள் நான். 2021-இல் சில பள்ளிகளிலிருந்து புகார்கள் வெடித்த பிறகு, நவம்பரில் ஒரு விழிப்புணர்வு வாரம் வந்தது. 1098, 14417 என்ற உதவி எண்கள் பிள்ளைகளுக்கு அறிவிக்கப்பட்டன. பிள்ளைகள் புகார் எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டிகள் சுவரில் ஏறின. 2021-க்குப் பிறகு வந்த இவற்றுக்குள் ஒரு ஒற்றுமை உண்டு: எல்லாமே மலிவு. பெட்டிக்கு ஒரு பூட்டு, சுவரொட்டிக்கு அச்சுக்கூலி, வாரத்துக்கு ஓர் உறுதிமொழி. அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் சீட்டைப் படித்து, அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஆளுக்குத்தான் சம்பளம் தர வேண்டும், அதனால்தான் ஆள் வரவில்லை.

பணம் போட்டால் இந்த மாநிலம் வாய் திறக்கும் என்பதற்கு நம்மிடமே ஆதாரம் உண்டு. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டுபிடித்தபோது, ‘நம்ம ஊரிலா?’ என்று நம்ப மறுத்தவர்கள் நிறைய. 1994-இல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கினோம். நிதி வந்தது. பிறகு ஒரு காலத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று ஒரு கற்பனை ஆளின் பெயரால் ஊர் ஊராகப் பலகை வைத்துக் கேட்டோம். டீக்கடையில் ஆணுறையைப் பற்றிப் பேசினார்கள். பண்பாடு ஒன்றும் இடிந்து விழவில்லை.

பண்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. 2016-இல் உயர் நீதிமன்றம் திருக்குறளைப் பள்ளியில் முழுமையாகக் கற்பிக்கச் சொன்னபோதுகூட அறத்துப்பால், பொருட்பால் என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டது. கடைசி 25 அதிகாரங்களை வள்ளுவர் யாருக்காக எழுதினாரோ!

எதிர்ப்பு வரும் என்ற உங்கள் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2007-இல் மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத், கர்நாடகம் என்று பல மாநிலங்கள் நிறுத்தின. 2009-இல் மாநிலங்களவைக் குழு ஒன்று பள்ளியில் பாலியல் கல்வியே கூடாது என்றது. அதே காலத்தில் ஜார்க்கண்ட் ‘உடான்’ என்ற பெயரில் அதைத் தொடர்ந்து நடத்தியது. உடான் என்றால் பறத்தல். நம்மைவிட வசதி குறைந்த மாநிலம் அது. சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு யுனெஸ்கோவின் வழிகாட்டி நெறிகள் ஆய்வுகளைத் தொகுத்துப் பதில் சொல்லிவிட்டன: முறையான பாலியல் கல்வி அப்படி எதையும் தூண்டுவதில்லை. உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில், நம் சென்னையிலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கில், விரிவான பாலியல் கல்வியைப் பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்றது. 2025 அக்டோபரில் வேறொரு வழக்கில், ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காமல் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்றது.

சட்டமும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. உடலுறவுக்குச் சட்டம் ஏற்கும் சம்மத வயது 18 என்று எங்கள் பள்ளியில் எந்தப் பாட வேளையிலும் யாரும் சொன்னதில்லை. பத்தொன்பது வயதுப் பையனும் பதினேழு வயதுப் பெண்ணும் ஓடிப்போகிறார்கள். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கர்ப்பப் பதிவுக்கு வருகிறாள். ஆதாரில் வயதைப் பார்த்ததும் காவல் நிலையத்துக்குத் தகவல் போகிறது. அவன் சிறையில், அவள் காப்பகத்தில். வளரிளம் பருவக் காதல்களைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கை ரத்து செய்தபோது சொன்னது. உயர் நீதிமன்றம் வரை போக முடிந்தவர்களுக்குச் சரி. என் பழைய மாணவன் ஒருவன் வேலூர் சிறையில் பத்து மாதம் இருந்தான். “இது குத்தம்னு யாராவது ஸ்கூல்ல சொல்லியிருந்தா…” என்றான் அவன் அம்மா முன்னால். நான் என்ன பதில் சொல்வேன்?

கணக்குக்கு வருகிறேன். 2025-26-இல் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஏறக்குறைய ஆறாயிரம். ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 60 கோடி. நூறு ரூபாய்க்குப் பதின்மூன்று காசு. இது ஆசிரியையின் மனக்கணக்கு, உங்கள் அதிகாரிகள் இன்னும் சரியாகப் போடுவார்கள். அதில் பள்ளிக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆசிரியைக்கு ஐந்து நாள் பயிற்சி. காணொலியில் அல்ல, நேரில் உட்கார வைத்து, வாய்விட்டுச் சொல்லப் பழக்கி. பயிற்சிக்குப் போகும் நாளில் அவர்கள் வகுப்பைப் பார்க்க மாற்று ஏற்பாடு. சில பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு மனநல ஆலோசகர், ஒப்பந்தக் கூலியாக அல்லாமல் முறையான பணியிடத்தில். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொஞ்சம். காலை உணவுக்கும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் எடுத்த துணிவை இதற்கும் எடுக்கலாம்.

மத்திய அரசு, பள்ளிக் கல்விக்காகத் தான் தரும் சமக்ர சிக்‌ஷா நிதியில் 2,152 கோடியை நிறுத்தி வைத்ததும், மாநிலம் தன் கையிலிருந்து போட்டுச் சமாளித்ததும் தெரியும். அதனாலேயே தனித் தலைப்பு கேட்கிறேன். ‘இதர செலவினங்கள்’ என்ற வரியில் இதைச் செருகினால், நெருக்கடி வரும் வருடம் முதலில் கத்தரிக்கப்படுவது இதுவாகத்தான் இருக்கும்.

என் சாக்பீஸ் டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது. ஓய்வு பெற்ற வருடம் கடைசிப் பருவத்தில் வந்த முப்பத்தொரு சீட்டுகளுக்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. பெயர் இல்லாததால் யாரையும் தேடிப் போகவும் முடியாது. பயிற்சிக் கையேடு எழுதக் குழு அமைத்தால் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்