மஞ்சக்குப்பத்து வீட்டை இடிக்கும் முன்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டை இடித்து ஆறு பிளாட் கட்டலாம் என்று ஒரு பில்டர் கேட்கிறார், பிள்ளைகளும் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்ற பகுதியை மட்டும் நான்கு முறை படித்தேன். நீ யோசனை கேட்டிருக்கிறாய். அதற்கு முன் அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அஞ்சலையை உனக்கு நினைவிருக்கும். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் குடியிருந்தாள். போன ஆண்டு அந்த வீட்டுக்காரர் எல்லோரையும் காலி செய்யச் சொல்லிவிட்டு, சனி ஞாயிறு வரும் சுற்றுலாக்காரர்களுக்கான அறைகளாக மாற்றிவிட்டார். அஞ்சலை இங்கேயே வேறு இடம் தேடினாள். மாதம் 7,000 ரூபாய் கேட்டார்கள். முடியாமல் வில்லியனூரைத் தாண்டிப் போய்விட்டாள். அங்கே 3,500தான்.

பாதி வாடகை என்று நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒருநாள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பஸ், ஷேர் ஆட்டோ சேர்த்து நாளைக்கு 60 ரூபாய். 26 நாளுக்கு 1,560. காலை ஆறு மணிக்கே வேலைக்கு வரச் சொல்லும் வீடுகள் இரண்டு, அவளால் அந்த நேரத்துக்கு வந்து சேர முடியாததால் கைவிட்டுப் போயின. அதில் 3,000 போயிற்று. கூட்டிப் பார், 8,060. ஊருக்குள் கேட்ட வாடகையைவிட ஆயிரம் ரூபாய் அதிகம். பள்ளி விட்டு வரும் மகள் இருட்டும்வரை தனியாக இருக்கிறாள் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மலிவு வீடு என்று விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. வேலையிலிருந்து, பள்ளியிலிருந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வீடு எவ்வளவு தூரம் என்று சொல்லாமல் விலையை மட்டும் சொல்வது பாதி உண்மை. தாழ்வான இடமா என்பதும் அப்படித்தான். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் இங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் மிதந்தன. இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து உங்கள் பக்கத்தையும் எங்கள் பாகூர்ப் பக்கத்தையும் சேர்த்தே மூழ்கடித்தது. நீர் போகும் வழியில் மனை போட்டு விற்கிறார்கள். விலை குறைவு என்பதால் வேறு வழியில்லாதவர்கள் அதை வாங்குகிறார்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் கோப்புகளோடு நீ அலுவலகத்தில் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தாயே, அந்த மனைகளில் எத்தனை வாய்க்கால் ஓரத்தில் இருந்தன என்று உனக்குத்தான் தெரியும்.

கோட்டக்குப்பத்திலிருந்து கடலூர்வரை இன்று ஒரே ஊராகத்தான் வளர்ந்து நிற்கிறது. எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் விழுப்புரம் மாவட்டம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் என்று போனால் எப்போது கடலூர் மாவட்டத்துக்குள் நுழைந்தோம் என்று பஸ்ஸில் தூங்குகிறவருக்குத் தெரியாது. உங்கள் சிப்காட் தொழிற்பேட்டைக்கு இங்கிருந்து வேலைக்குப் போகிறார்கள், எங்கள் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து வருகிறார்கள். ஆனால் எங்கே வீடு வரலாம், எங்கே வரக்கூடாது, எந்த வழியில் பஸ் விட வேண்டும் என்பதை புதுச்சேரி, தமிழ்நாடு என்று இரண்டு அரசுகள் தனித்தனியாகத் தீர்மானிக்கின்றன. இரு பக்கத்து நகரமைப்பு அலுவலர்களும் ஒரே மேசையில் ஒரே வரைபடத்தை விரித்து வைத்து உட்கார வேண்டும். இதைவிட அவசரமான வேலை இந்தக் கடற்கரையில் இல்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. கட்டுவதெல்லாம் ஒரே மாதிரி கட்டுகிறார்கள். இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை. தனியாக வேலைக்கு வரும் பெண், பிள்ளைகள் வெளிநாடு போனபின் தனித்திருக்கும் முதியவர், படி ஏற முடியாதவர், ஏழெட்டுப் பேர் கொண்ட மீனவக் குடும்பம் என்று யாருக்கும் அதில் இடமில்லை. அப்பா ரோடியர் பஞ்சாலைக்குப் போன காலத்தில் முதலியார்பேட்டையில் நாங்கள் இருந்த ஒண்டுக்குடித்தனம் உனக்குத் தெரியும். ஒரு முற்றத்தைச் சுற்றி ஏழு குடும்பங்கள். சங்கு ஊதினால் அப்பா ஐந்து நிமிடத்தில் ஆலை வாசலில் இருப்பார். ஏழு குடும்பத்துக்கும் ஒரே கழிவறை; காலையில் அம்மா பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. அந்த வாழ்க்கை திரும்ப வேண்டாம். ஆனால் பெரிய வீடு, சின்ன வீடு, ஒற்றை அறை எல்லாம் ஒரே தெருவில் இருந்தன. அதை ஏன் விட்டோம்? 2020இல் மூடிய அந்த ஆலையின் நிலம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அரசின் கையில் இருக்கும் அந்த நிலத்தில் ஒரு பகுதியிலாவது குறைந்த வாடகை வீடுகள் வந்தால் அஞ்சலை போன்ற எத்தனையோ பேர் ஊருக்குள் திரும்பி வருவார்கள்.

போன ஆண்டு சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தபோது கவனித்தேன். 1960இல் தொடங்கிய வீட்டு வசதி வாரியத்தின் அடுக்குமாடிகளில்தான் அந்நாட்டவரில் நான்கில் மூன்று பேருக்கு மேல் குடியிருக்கிறார்கள். குடும்பங்களுக்கான பெரிய வீடுகளுக்கு அருகிலேயே முதியவர்களுக்கான இரண்டறை வீடுகள். கீழே கடை, மருந்தகம், பஸ் நிறுத்தம். அங்கே நிலம் பெரும்பாலும் அரசினுடையது, நம் நிலைமை வேறு என்பது தெரியும். தமிழ்நாட்டில்கூட 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டங்களில் பத்து சதவீத இடம் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே, நீதான் எனக்கு அதைச் சொன்னாய். ஆறு பிளாட்டுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் வீட்டுக்காரி நீ. நீ சொல்வதே அங்கே விதி.

ஆகவே என் யோசனை இது. ஆறும் ஒரே அளவில் வேண்டாம். தரைத்தளத்தை முழுவதும் வண்டி நிறுத்தக் கொடுத்துவிடாதே. சாலை மட்டத்தைவிட நன்றாக உயர்த்தி, அங்கே இரண்டு சின்ன வீடுகள் போடச் சொல். ஒன்று உனக்கு. உன் முழங்காலுக்கு மாடி ஆகாது, லிப்ட் நின்றுபோகும் நாளில் யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? இன்னொன்றை வாடகைக்கு விடு. அரசுத் தலைமை மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. இரவுப்பணி முடிந்து வரும் செவிலியர்கள் இரண்டு பேர் அதில் தங்கலாம். குடி வைத்தால் காலி செய்ய மாட்டார்கள் என்று உன் மகன் பயப்படுவதாக எழுதியிருக்கிறாய். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து உங்கள் பக்கம் நடைமுறையில் இருக்கிறது. எழுத்துமூல ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்துகொண்டால் உனக்கும் பாதுகாப்பு, குடியிருப்பவர்களுக்கும் பாதுகாப்பு. இவற்றையெல்லாம் பில்டரோடு போடும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடு. வாய்ப்பேச்சை நம்பாதே.

கிணற்றை மூடச் சொன்னால் சம்மதிக்காதே. அந்தத் தண்ணீரில் நாம் குடித்த காபி இன்னும் நாக்கில் இருக்கிறது.

வரைபடம் வந்ததும் ஒரு பிரதி அனுப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் ஒருநாள் வருகிறேன், இருவருமாக உட்கார்ந்து பார்ப்போம். அஞ்சலை வரும் நேரம் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை அவளிடம்தான் தபாலில் சேர்க்கக் கொடுக்கப்போகிறேன்.

என்றும் அன்புடன்,
சரோஜா