ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ஐபி முகவரி மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் லோட் பேலன்சர் (வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் அமைப்பு) பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது, ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் (வேறிடத்துச் சர்வரில் ஓடும் விண்டோஸை நம் திரையில் திறந்து வேலை செய்வது) என்று வந்ததும் சோர்ஸ் ஐபியை, அதாவது இணைப்பு வரும் ஐபி முகவரியை, வைத்து ஒரே சர்வருக்கு அனுப்பினால் சரி என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். சரியாக வராது. இணையதளத்தில் சர்வர் மாறினால் பெரும்பாலும் மறுபடி லாகின் கேட்கும், அவ்வளவுதான். ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைப்பு அறுந்தாலும் செஷன், அதாவது பயனர் திறந்து வைத்த வேலை, பழைய சர்வரிலேயே ஓடிக்கொண்டிருக்கும், பாதி வேலையோடு ஃபைலும் திறந்தே கிடக்கும். திரும்பி வருகிறவரை வேறு சர்வருக்குத் தள்ளினால் வெறும் டெஸ்க்டாப்தான் தெரியும். பொது ஃபோல்டரில் இருக்கும் அந்த ஃபைலைத் திறக்கப் போனால் யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று வரும், அந்த யாரோ அவரேதான்!

ஒரு அலுவலகமே ஒரே பப்ளிக் ஐபியில் வெளியே வந்தால் மொத்தப் பேரும் ஒரே சர்வரில் போய் விழுவார்கள். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ ஐபியே மாறிவிடும்.

அதனால்தான் ஹெச்ஏபிராக்ஸி போன்ற லோட் பேலன்சர் மென்பொருள்களில் ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப்பின் நெறிமுறை) குக்கியைப் படித்து ஆளை அடையாளம் காணும் வசதி இருக்கிறது. கிளையன்ட் (பயனரின் கணினியில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் செயலி) அனுப்பும் முதல் பாக்கெட்டிலேயே 'எம்எஸ்டிஎஸ்ஹாஷ்' என்ற குறிப்போடு பயனர் பெயர் வரும், அதைப் படிக்க பேலன்சரை 5 நொடி வரை காத்திருக்கச் சொல்ல வேண்டும். ஆனால் விண்டோஸ் கிளையன்ட் அந்தப் பெயரை 9 எழுத்தோடு வெட்டிவிடும். டொமைன் பெயரை (அலுவலக நெட்வொர்க்கின் பெயர்) முன்னால் போட்டு லாகின் செய்கிற இடங்களில் அந்த 9 எழுத்தையும் டொமைனே தின்றுவிட்டால், பேலன்சருக்கு எல்லோரும் ஒரே ஆள்தான். பயனர் பெயர் முன்னால், அட் குறிக்குப் பின்னால் டொமைன் என்று எழுதப் பழக்கினால் இது பெரும்பாலும் தீரும். அப்புறம், அறுந்த செஷனை சர்வர் 8 மணி நேரம் வைத்திருக்கும் என்றால் ஸ்டிக் டேபிளின் (யாரை எந்தச் சர்வருக்கு அனுப்பியது என்று பேலன்சர் வைத்திருக்கும் பட்டியல்) காலாவதியும் அதற்குக் குறையக் கூடாது.

என்னைக் கேட்டால், கனெக்‌ஷன் புரோக்கர் என்ற தனிச் சேவையை வைப்பதுதான் உருப்படியான வழி. யாருடைய செஷன் எங்கே இருக்கிறது என்று அதற்குத்தான் தெரியும். கிளையன்டை நேரே சர்வரின் முகவரிக்கே திருப்பும் ஐபி ரீடைரக்‌ஷனை அணைத்துவிட்டால், போக வேண்டிய சர்வரின் முகவரியையும் போர்ட்டையும் ஒரு டோக்கனில் (சிறு அடையாளச் சீட்டு) எழுதிக் கொடுக்கும், பேலன்சர் அதைப் படித்து அனுப்பும் (எண்ணின் இரண்டு பைட்டும் இடம் மாறி எழுதப்படுவதால் 3389 என்ற போர்ட் அதில் 15629 என்று தெரியும், பயப்பட வேண்டாம்).

எப்படி அமைத்தாலும் ஒரு சோதனை போதும்: நோட்பேடில் எதையாவது அடித்துவிட்டு, லாக் ஆஃப் செய்யாமல் ஜன்னலை மூடி, வேறு நெட்வொர்க்கிலிருந்து திரும்ப நுழையுங்கள். அடித்தது அப்படியே வரவில்லை என்றால் அமைப்பை இன்னும் பயனர்களுக்குத் திறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிக்கும் வாசகர் ஒருவர்