மாசி வீதிகளுக்கு வழிகாட்டிப் பலகை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மதுரைக் கோயிலைச் சுற்றி வழிகாட்டிப் பலகை வைக்கும் வேலை உன்னிடம் வந்ததில் ரொம்ப சந்தோஷம். பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா?

பலகையில் எழுத்தை எப்படி அமைப்பது என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன். முதலில் தமிழை எழுதி முடி. மிச்ச இடத்தில் ஆங்கிலம். பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்தில் ‘மேல ஆவணி மூல வீதி’ அடங்காது, உடனே எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்குவார்கள். அமுக்கினால் முதலில் அடைபடுவது சுழி. ‘கீ’யின் மேல்விலங்குச் சுழி அடைந்துபோனால், தள்ளி நிற்பவருக்கு ‘கீழ’ என்பது ‘கிழ’ ஆகிவிடும். தடித்த எழுத்திலும் இதே கதிதான். நடுத்தரத் தடிமன் எடு.

மதுரையில் இது சின்ன விஷயமில்லை. சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று நான்கு சுற்று, சுற்றுக்கு நான்கு திசை. ஒரே சுற்றின் நான்கு வீதிகளைப் பிரித்துக் காட்டுவது கீழ, மேல, தெற்கு, வடக்கு என்ற முன்சொல் ஒன்றுதான். அதைப் பெரிதாக, தனி வரியில் போடு. கோபுரப் படம் மட்டும் போதாது, நாலு பக்கமும் கோபுரம்! சுற்றுக்கு ஒரு நிறம் கொடுத்தால் எண்ணும் சேர். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு.

ஒரு பலகையில் ‘ஈஸ்ட் மாசி’, அடுத்ததில் ‘கீழ மாசி’ என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் வெளியூர்க்காரர் இரண்டு தெரு என்றே நினைப்பார். எனக்குக் ‘கீழ மாசி’தான் சரி. ஈஸ்ட் என்பதை அடியில் சிறிதாகப் போடலாம்.

வரி இடைவெளியைத் தாராளமாக விடு. ‘மூல’ மேலேயும் ‘வீதி’ கீழேயும் வந்தால் ‘மூ’வின் வால் ‘வீ’யின் தலையில் இடிக்கும்.

பளபளக்கும் ஸ்டீல் வேண்டாம், வெயிலில் ஒன்றும் தெரியாது. மேட் பூச்சே நல்லது. பிரெயில் தகட்டைக் கை எட்டும் உயரத்தில், தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டருக்குள் வை. தமிழுக்கு, இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில். இரண்டு கால் நட்ட பலகையானால் தரையிலிருந்து 30 செ.மீ.க்குள் ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம். இல்லாவிட்டால் பார்வையற்றவரின் வெள்ளைக்கோல் அடியில் நுழைந்துவிடும், ஆள் பலகையில் மோதுவார்.

வரைபடத்தில் வடக்கை எப்போதும் மேலே வைக்காதே. நிற்பவர் பார்க்கும் திசை மேலே இருக்கட்டும்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்று. அவர்கள் மென்பொருளில் இந்திய மொழி அமைப்பு இல்லையென்றால் ‘கோபுரம்’ என்பதன் கொம்பும் காலும் சிதறிவிடும்.

‘வடக்கு ஆவணி மூல வீதி’ மாதிரியை முதலில் அனுப்பு. அதில்தான் இடம் இறுக்கும்.

அன்புடன்,
சுந்தரம்