ஷூபில் தலை குனிவது மனிதருக்கு வைக்கும் வணக்கம் அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில், ஆப்பிரிக்கச் சதுப்புகளில் வாழும் ஷூபில் பறவையைப் பற்றி வந்த படக்கட்டுரை பலரைக் கவர்ந்திருக்கும். அந்தப் பெரிய அலகையும், இமைக்காமல் முறைக்கும் வெளிர்மஞ்சள் கண்ணையும் ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஆனால் அதில் 'மனிதரைக் கண்டால் தலை குனிந்து வணங்கும் பண்பான பறவை' என்று ஒரு வரி இருந்தது. கைப்பேசியில் சுற்றும் காணொளிகள் சொல்வதும் இதைத்தான். அந்த வரி தவறு. சும்மா விட்டுவிடக்கூடிய தவறும் அல்ல.

முதலில் சில்லறைத் திருத்தங்கள். கட்டுரை சொன்ன எட்டடி இதன் உயரம் அல்ல. விரித்த சிறகின் அகலம். நிற்கும்போது உயரம் 110 முதல் 140 செ.மீ., எடை 4 முதல் 7 கிலோ. இது நாரைக் குடும்பத்தையும் சேர்ந்ததல்ல. முன்பு அப்படி வகைப்படுத்தினார்கள். இப்போதைய ஆய்வுகளின்படி இதற்கு நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவின் சுத்தியல்தலைப் பறவையும் கூழைக்கடாவும்தான். கூந்தன்குளத்தில் நாம் பார்க்கும் அதே கூழைக்கடா. 'டைனோசர் காலத்துப் பறவை' என்பதில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை. அந்த வழியில் வந்தது என்றால் காக்கையும் அப்படித்தான்.

இனி அந்த வணக்கம். காட்டில் வாழும் ஷூபில் அநேகமாகச் சத்தமே போடாது. கூட்டில் இணை வந்து இறங்கும்போது தலையைத் தாழ்த்தி ஆட்டும். மேலலகையும் கீழலகையும் படபடவென்று அடித்து ஒலி எழுப்பும். துப்பாக்கிச் சத்தம் என்று காணொளிகளில் பரவுவது இந்த ஒலிதான். இணையிடம் செய்ய வேண்டியதை ஒரு பறவை பராமரிப்பாளரிடமோ பார்வையாளரிடமோ செய்கிறது என்றால், அது பெரும்பாலும் குஞ்சிலேயே கூட்டிலிருந்து எடுக்கப்பட்டு, மனிதர் கையால் ஊட்டி வளர்க்கப்பட்டது என்று பொருள். மனிதரையே தன் இனமாக எண்ணிக்கொண்டுவிட்டது.

விளைவு, இனப்பெருக்கத்தில் தெரிகிறது. இத்தனை ஆண்டுகளில் உயிரியல் பூங்காக்களில் ஷூபில் குஞ்சு பொரித்த நிகழ்வுகளாகப் பரவலாகக் குறிப்பிடப்படுபவை இரண்டே: 2008-இல் பெல்ஜியத்தின் பேரி டைசா பூங்கா, 2009-இல் அமெரிக்காவின் டாம்பா நகரப் பூங்கா. ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி. தனித்து வாழும் சுபாவம். ஒரே அடைப்பில் விட்டால் சேர்வதைவிட ஒன்றையொன்று விரட்டுவதே அதிகம். மனிதர்மேல் பதிந்துபோன பறவை என்றால் இணையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆகவே பூங்காக்களில் நிற்கும் ஷூபில்களில் ஏறத்தாழ எல்லாமே சதுப்பிலிருந்து பிடித்து வரப்பட்டவை. குனிந்து வணங்கும் காணொளியைப் பகிரும்போது நாம் ரசிப்பது இந்தக் கோளாறைத்தான்.

ரசிப்பதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. அது வேட்டையாடும் விதத்தைப் பாருங்கள். பாப்பிரஸ் கோரை அழுகிக் கிடக்கும் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. நுரையீரல் மீன் காற்று குடிக்க மேலே வந்தே தீரவேண்டும். கெளுத்தியும் வரும் (நம்மூரில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அதன் இனத்தாரும்தான்). அந்த இடத்தைத் தெரிந்துகொண்டு, மிதக்கும் தாவரப் படுகைமேல் நீண்ட விரல்களைப் பரப்பி, அலகை மார்போடு அணைத்து, நேர் கீழே பார்த்தபடி ஷூபில் நிற்கும். நெடுநேரம் அசைவே இருக்காது.

மீன் மேலே வந்ததும் கொக்கைப்போல் கழுத்தை மட்டும் நீட்டிக் கொத்தாது. சிறகை விரித்து உடம்பு முழுவதையும் முன்னால் விழவிடும். அலகில் மீனோடு சேறும் கோரையும் வேரும் சேர்ந்து அள்ளப்படும். பிறகு அலகையும் சிறகையும் ஊன்றி எழுந்து, அலகை இலேசாகத் திறந்து தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக் குப்பையைச் சிந்தவிடும். வழுக்கும் மீனை நுனியிலுள்ள கொக்கி பிடித்துக்கொள்ளும். அலகின் கூரான விளிம்பு பல நேரம் தலையைத் துண்டித்துவிடும். விழுங்கியபின் ஒரு வாய் தண்ணீர். ஒருமுறை விழுந்து தவறவிட்டால் மறு நொடியே இன்னொரு கொத்து கொத்த முடியாது, கலங்கிய இடத்தில் மீனும் நிற்காது. அந்தப் பொறுமைக்குக் காரணம் இதுவே. முதலைக் குஞ்சைத் தின்னும் என்பது உண்மைதான், ஆனால் எப்போதாவது. அன்றாடச் சாப்பாடு மீன்.

கூடும் மிதப்பதுதான். கோரையையும் நீர்ச்செடிகளையும் மிதித்து அமுக்கிக் கட்டிய மேடை. வெயில் ஏறினால் பெற்றோர் அலகு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து முட்டைமேலும் குஞ்சுமேலும் ஊற்றும். முட்டை வழக்கமாக இரண்டு, அடைகாப்பு ஏறக்குறைய 30 நாள். இரண்டாவது முட்டை சில நாள் கழித்துத்தான் இடப்படும் என்பதால் இளைய குஞ்சு எப்போதும் சிறியது. மூத்தது அதைக் கொத்தும், தீனியைப் பறிக்கும், பெற்றோர் தலையிடுவதில்லை. மூத்தது செத்துப்போனால் மட்டுமே இளையதற்கு வாழ்வு. பறக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஆக ஓர் இணைக்கு ஆண்டுக்கு ஒரு குஞ்சு தேறினாலே அதிகம். அந்த ஒன்றைத் திருடினால் அந்த ஆண்டே வீண்.

ஜாம்பியாவின் பங்வேலு சதுப்பில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அந்தப் பகுதி மக்களையே கூட்டுக் காவலர்களாக அமர்த்தியிருக்கிறார்கள். எப்படியும் சாகவிருக்கும் இளைய குஞ்சை எடுத்து வளர்க்க 2022 முதல் ஒரு நிலையமும் நடக்கிறது. அங்கே தீனி கொடுப்பவர் தன் மனித உருவம் தெரியாதபடி அங்கியால் மூடிக்கொள்கிறார். ஷூபில் தலை போன்ற பொம்மையைக் கொண்டே ஊட்டுகிறார். மனிதரைக் கண்டால் வணங்காத பறவையாக வளர்ப்பதற்குத்தான் இத்தனை பாடும்.

சட்டம் தடுக்காதா என்று கேட்கலாம். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையில் ஷூபில் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இரண்டாம் பட்டியல் என்றால் வணிகத்துக்கு முழுத் தடை இல்லை, அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதே. கூட்டிலிருந்து திருடிய குஞ்சுக்குச் சீட்டு ஒட்டிவிட்டால் எங்கே பிடித்தது என்று கண்டுபிடிப்பது கடினம். உலகில் மொத்தம் 5,000 முதல் 8,000 வரைதான் இருக்கும் என்று மதிப்பிடப்படும் பறவைக்கு இது போதாது.

பெரும்பகுதி வாழ்வது தெற்கு சூடானின் சட் சதுப்பில். வெள்ளை நைல் அங்கே விரிந்து பரவுவதால் நீர் ஆவியாகி வீணாகிறது என்று சொல்லி, அதைச் சதுப்புக்குள் விடாமல் திருப்ப 1978-இல் ஜோங்லே கால்வாயைத் தோண்டத் தொடங்கினார்கள். சுமார் 360 கி.மீ. திட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முடிந்த நிலையில் உள்நாட்டுப் போரால் நின்றது. அதை மறுபடி தொடங்கும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. நீர் மட்டம் இறங்கினால் கூடுகளுக்கு மாடும் தீயும் ஆளும் எளிதாகப் போய்ச் சேரும். அதன்பின் காவல் போட்டும் பயனில்லை.

நேரில் பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு எளிதான இடம் உகாண்டாவின் எண்டெபிக்கு அருகே, விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள மபாம்பா சதுப்பு. விடியற்காலையில் உள்ளூர் வழிகாட்டியோடு தோணியில் போகவேண்டும். இந்தப் பறவை கண்ணில் பட்டால் மீன் சிக்காது என்று அங்குள்ள மீனவர்கள் முன்பு அதைக் கொன்றதுண்டு; இன்று அதைக் காட்டியே பலர் சம்பாதிக்கிறார்கள். 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் நெருங்கவே தேவையில்லை. 'இன்னும் கொஞ்சம் பக்கத்தில்' என்று தோணிக்காரரை நச்சரிக்க வேண்டாம். கூட்டில் இருந்தால் கிளம்பிவிடுங்கள். பறவை எழுந்துபோனால் முட்டை வெயிலில் வெந்துவிடும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் போனால் உகாண்டாவில் மட்டுமல்ல, திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் நிறுத்திவைப்பார்கள்.

இப்படிக்கு,
பறவை நோக்கர்கள் சிலர்,
திருநெல்வேலி.