பஞ்சு மாத்திரை யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

‘குழாய் விடாமலே உணவுக்குழாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாமாமே’ என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

ஜெலட்டின் உறைக்குள் அமுக்கி வைத்த பஞ்சு, அதில் கட்டிய நூல்: பஞ்சு மாத்திரை என்ற அந்தக் கருவி இவ்வளவே. நான்கு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்து, தண்ணீர் விட்டு விழுங்க வேண்டும். நூலின் மறுமுனை வெளியே செவிலியர் பிடியில் இருக்கும். உறை இரைப்பையில் கரைந்து, பஞ்சு 3 சென்டிமீட்டர் உருண்டையாக விரிய ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆகும். பிறகு நூலை ஒரே சீராக இழுத்தால், வழியெல்லாம் உள்தோலை உரசிச் செல்களை அள்ளிக்கொண்டு பஞ்சு வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் பஞ்சு இரைப்பையை எட்டியே இருக்காது. எட்டியதற்குச் சாட்சி, மாதிரியில் தெரியும் இரைப்பைச் செல்கள். அவை இல்லையென்றால் ‘நோயில்லை’ என்று எழுதக் கூடாது. மறுபடி எடுக்க வேண்டும்.

இது தேடுவது புற்றை அல்ல, பாரெட் மாற்றத்தை. நெடுநாள் எதுக்களிப்பால் உணவுக்குழாயின் அடிப்பகுதித் தோல் குடல்தோல்போல் மாறுவதே அது; சிலருக்குப் பின்னாளில் புற்றாகக்கூடியது. டிஎஃப்எஃப்3 என்ற புரதத்துக்கான சாயம் அதைக் காட்டிக்கொடுக்கும். இங்கிலாந்தில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், 1,750 பேர் சம்மதித்து 1,654 பேர் பஞ்சை விழுங்கினார்கள். மாதிரியில் சாயம் பிடித்து எண்டோஸ்கோபிக்கு (குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு) போன 221 பேரில் 131 பேருக்கே பாரெட்டோ புற்றோ இருந்தது. ஆகவே சாயம் பிடித்ததைக் கேட்டு யாரும் இடிந்துபோக வேண்டாம். அடுத்து எண்டோஸ்கோபி என்று மட்டுமே அதற்குப் பொருள்.

நம் நாட்டில் பெரும்பாலும் வருவதோ வேறு வகை: உணவுக்குழாயின் இயல்பான உள்தோலில் தோன்றும் செதிள்செல் புற்று. பீடி, புகையிலை அதக்குதல், மது இவற்றோடு ஒட்டியது. டிஎஃப்எஃப்3 சாயம் இதைப் பிடிக்காது. நெல்லைச் சீமையில் இந்தச் சோதனை வருமானால், நெஞ்செரிச்சல்காரருக்கும் புகையிலைக்காரருக்கும் ஒரே சீட்டு எழுதிவிடக் கூடாது. பின்னவருக்கு லூகால் அயோடின் தெளித்துப் பார்க்கும் எண்டோஸ்கோபியே உதவும். நல்ல தோல் பழுப்பேறும். கெட்ட இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெளிறித் தெரியும்.

கல்லீரல் சுருங்கி உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்தவர்களுக்குப் பஞ்சு கூடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சோறு நெஞ்சில் நின்று, தண்ணீர் குடித்து இறக்குபவர்களுக்கும் இந்த மாத்திரை இல்லை. கஞ்சிக்கு மாறிச் சமாளித்துக்கொண்டிருக்காதீர்கள். உணவுக்குழாய் ஏற்கெனவே நன்றாகச் சுருங்கியிருக்கலாம். அந்த வாரமே எண்டோஸ்கோபிக்குப் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
இரைப்பை–குடல் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.