எங்கட மொறிஸ் மைனர் ஓடுது, கைகுடுத்த எல்லாருக்கும் நன்றி

வணக்கம் உறவுகளே,

கன நாளா எழுதவேணும் எண்டு நினைச்சு நினைச்சு தள்ளிப்போட்ட மடல் இது. கார் ஓடின பிறகுதான் எழுதுறது எண்டு ஒரு வைராக்கியத்தில இருந்தன். இப்ப வட்டக்கச்சியில இருந்து கிளிநொச்சி ரவுணுக்கு சாமான் வாங்கப் போய் வருது, பிறேக் பிடிக்குது, மழை பெய்தா மட்டும் முன் கண்ணாடிப் பக்கத்தால கொஞ்சம் ஒழுகுது, அது பிரச்சினையில்லை. அதால இனி எழுதலாம்.

தெரியாத ஆக்களுக்கு ஒருக்கா சொல்லிவிடுறன். கார் 1955ம் ஆண்டு மொறிஸ் மைனர், சீரிஸ் ரூ (ரெண்டாம் வரிசை) எண்டுறது, முன் கண்ணாடி நடுவில பிரிஞ்சு ரெண்டு துண்டா இருக்கிற மொடல். நம்பர் பிளேற்றில ஸ்ரீ எழுத்து வாறதுக்கு முந்தின இங்கிலீஷ் எழுத்து நம்பர். கொடிகாமத்தில பெரியம்மான்ர வளவில ஒரு கொட்டிலுக்குள்ள தென்னோலையும் கோழிக்கூடும் மேல ஏத்திக் கிடந்தது. பெரியம்மா வளவைத் துப்பரவாக்க வெளிக்கிடேக்க "இதைப் பழைய இரும்புக்குக் குடுக்கப்போறன், உனக்கு வேணுமெண்டா வந்து ஏத்து" எண்டா, லொறி பிடிச்சுக்கொண்டு போய் ஏத்திக்கொண்டு வந்தாச்சு. அம்மா ஒரு கிழமை என்னோட வடிவாக் கதைக்கேல்லை.

சாமான் தந்தவைக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல், ஆனா முதல் நன்றி "அதை வாங்காதை" எண்டு சொன்ன ஆக்களுக்கு. உண்மையா. இந்த வேலையில இறங்கினா வழியில காணுற ஆக்கள் எல்லாரும் ஒரு சாமான் விக்கத்தான் நிக்கினம், வேண்டாம் எண்டு சொல்லுறவை கொஞ்சப் பேர்தான்.

அதில முதல் ஆள் யாழ்ப்பாணத்தில திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற ஏ 40 அங்கிள், ஒஸ்ரின் ஏ 40 கார்க்காரர். (பேர் போடவேண்டாம் எண்டவர்.) எங்கட பக்கம் பழைய கார் எண்டா எல்லாருக்கும் வாயில வாறது ஏ 40தான், "ஒஸ்ரினும் மொறிஸும் ஒண்டுதானே, ஏ 40 சாமான் எல்லாம் பொருந்தும்" எண்டு ஒராள் எனக்கு ஒரு முழு எஞ்சினையே விக்கப் பாத்தவர், காசும் பேசி முடிஞ்சுது. அங்கிள்தான் மறிச்சவர். ஒஸ்ரினும் மொறிசும் 1952ல ஒரே கொம்பனியாச் சேந்தது உண்மை, அதுக்குப் பிறகுதான் மைனருக்கு ஒஸ்ரினின்ர சின்ன ஏ சீரிஸ் எஞ்சின் வந்தது, 803 சிசி, ஆனா எங்கட ஊர் ரக்சி ஏ 40 இருக்கே, டெவனும் சொமசெற்றும், அதில இருக்கிறது 1200 சிசி வேற எஞ்சின், இதோட ஒரு நட்டுக்கூட சேராது. "சாமான் தேடுறதெண்டா ஏ 30 தேடு, ஏ 35 தேடு, பழைய ஒஸ்ரின் மினி தேடு, அதுகள்தான் உன்ர எஞ்சினின்ர சொந்தக்காரர்" எண்டவர். அங்கிள், அண்டைக்கு நீங்கள் போன் எடுக்காட்டி என்ர முத்தத்தில இப்ப ஒரு 1200 சிசி நங்கூரம் கிடந்திருக்கும்.

ஜப்பான் எஞ்சின் போடு எண்டு சொன்ன ஆக்களும் கனபேர். நிசான் ஏ 12 எஞ்சினும் கியர் பொக்ஸும் சேத்துப் போட்டா மைனர் பறக்கும், சாமானும் லேசாக் கிடைக்கும், அது பொய்யில்லை. அப்பிடிப் போட்டு ஒவ்வொரு நாளும் வேலைக்கு ஓடுற ஆக்களை நான் குறை சொல்லமாட்டன், அவையளுக்கு அதுதான் சரி. எனக்கு அந்த 803 சிசி சத்தம்தான் வேணும், அவ்வளவுதான்.

இனி விசுவமடு மசி ஐயா. இவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம். உழவு மெசின் திருத்துறவர், கார் அவற்ற தொழிலே இல்லை. நான் அவரிட்டப் போனது ஒரு ஸ்பானருக்கு. எங்கட கறாஜுகளில இருக்கிறதெல்லாம் ஜப்பான் வாகனத்துக்கான மில்லிமீற்றர் ஸ்பானர், மைனரில இருக்கிறதோ இஞ்சி (அங்குல) அளவு நட்டு, பதின்மூண்டைப் போட்டு இறுக்கித் திருப்பினா நட்டின்ர மூலை வழிச்சு உருண்டையாப் போயிடும், பிறகு அதைக் கழட்ட உளிதான் வேணும். வன்னியில இஞ்சி ஸ்பானர் எங்க இருக்கெண்டு யோசிச்சா பதில் வயலுக்குள்ள நிக்குது, பழைய மசி பெர்குசன் 35, 135 உழவு மெசின் எல்லாம் இங்கிலாந்து இஞ்சிக் கணக்குதான். ஐயா பெட்டியைத் திறந்தா அரை இஞ்சி, ஒன்பது பதினாறு, ஏழு பதினாறு எல்லாம் எண்ணெய் பூசி வரிசையாக் கிடக்கு. ஸ்பானரைத் தரமாட்டன், நானும் வாறன் எண்டிட்டார்.

வந்தவர் எஞ்சினைச் சுத்திப் பாத்திட்டு ஹெட்டை (எஞ்சினின்ர மேல் மூடியை) கழட்டுவம் எண்டார். கழட்டினா உள்ள காஸ்கெட் (மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையில வைக்கிற மெல்லிய தகடு) ரெண்டு. ஒண்டுக்கு மேல ஒண்டு, ரெண்டும் செப்புக் காஸ்கெட், நடுவில கறுப்பா ஒரு பிசின். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, யாரோ தெரியாமல் போட்டிருக்கினம் எண்டு நினைச்சன். ஐயா அதைக் கையில எடுத்து வெயிலில பிடிச்சுப் பாத்துச் சிரிச்சார். "தம்பி இது தெரியாமல் போட்டதில்லை, நல்லாத் தெரிஞ்சவன் போட்டது. இது மண்ணெண்ணெய்யில ஓடின கார்" எண்டார்.

1990ல இருந்து வடக்குக்குப் பெற்றோல் தடை இருந்தது, எங்கட வயசு ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சின்னப் பெடியளுக்காக எழுதுறன். கொஞ்சப் பெற்றோலை காபரேற்றருக்கு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானவுடன மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடுறது. மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள்ள கூட அமுக்கினா இடிக்கும், பிஸ்ரனை உடைக்கும். அதுக்குத்தான் ரெண்டு காஸ்கெட், ஹெட்டைக் கொஞ்சம் மேல தூக்கிவிட்டா அமுக்கம் குறையும். இந்த எஞ்சினுக்கு ஏற்கெனவே 7.2தான் கொம்பிறெசன் (அமுக்க விகிதம்), அதால மண்ணெண்ணெய்யை ஒருமாதிரிச் சமாளிச்சிருக்கு, புது எஞ்சின் எண்டா ரெண்டு நாளில செத்துப்போயிருக்கும். வால்வுகளில பிடிச்சிருந்த கரியைச் சுரண்டி எடுக்கவே ஒரு பின்னேரம் போச்சு. ஐயா அந்த வேலையைச் செய்த ஆள் ஆரெண்டு தெரியாமலே அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு காஸ்கெட்டோட பூட்டி, வால்வ் இடைவெளி பன்ரெண்டு தவ் (ஒரு தவ் எண்டா இஞ்சியில ஆயிரத்தில ஒரு பங்கு) வைச்சுத் தந்தவர். காசு குடுக்க வாங்கேல்லை, பிளேன்ரீயும் வடையும்தான். ஐயா, உங்களுக்கு எழுத்தில நன்றி சொன்னாக் கோவம் வரும் எண்டு தெரியும், மகள் வாசிச்சுக் காட்டுவா, கோவிக்காதேங்கோ.

பிறேக் கதை லண்டன் மச்சானுக்கு உரியது. மைனரில பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் (பிறேக்கை மிதிக்கேக்க எண்ணெயைத் தள்ளுற சாமான்) எஞ்சினுக்குப் பக்கத்தில இல்லை, டிறைவரின்ர காலுக்குக் கீழ, தரைத் தகட்டுக்கு அடியில சட்டத்துக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள். அதைப் பிடிச்சிருக்கிற போல்ற்றைக் கழட்டினா வெளிய இழுக்க ஏலாது, முன் சில்லுக்கு வாற ரோசன் பார் (ஸ்பிறிங் மாதிரி முறுகிற நீளக் கம்பி) குறுக்க நிண்டு மறிக்கும். நானும் பரந்தன் லேத் அண்ணையும் படுத்திருந்து அந்த அலெக் இசிகோனிஸைப் பேசாத பேச்சில்லை (இவர்தான் இந்தக் காரை வடிவமைச்சவர், 1948ல வெளிவந்தது, பிறகு மினியைச் செய்ததும் இவர்தான், கெட்டிக்காரன், ஆனா சிலிண்டரை வைச்ச இடம்!). மச்சான் அங்க ஒரு மைனர்காரரிட்ட விசாரிச்சுச் சொன்னவன், ரோசன் பாரைக் கொஞ்சம் இறக்கிக் கழட்டு, திருப்பிப் பூட்டேக்க போல்ற்றை மற்றப் பக்கத்தால போடு, அடுத்தமுறை கழட்டிறவன் உன்னைக் கும்பிடுவான் எண்டு. அப்பிடித்தான் போட்டிருக்கு. சிலிண்டர் றப்பர் கிற்றுகளும் காபரேற்றர் கிற்றும் அவன்தான் ஊருக்கு வரேக்க சூட்கேசுக்குள்ள கொண்டுவந்தவன், மாமி குடுத்துவிட்ட சொக்லேற்றைக் குறைச்சுப்போட்டு. மாமி, மன்னிக்கவேணும்.

பரந்தன் லேத் அண்ணைக்கு: முன் சில்லின்ர கீழ்ப்பக்க திறனியன் (சில்லு திரும்பிற கீழ் மூட்டு) மரை தேஞ்சுபோய் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிச்சது நீங்கள்தான். அது கழண்டா ஓடிக்கொண்டிருக்கேக்க முன் சில்லு மடங்கி கார் மூக்குக் குத்தும், மைனர் வைச்சிருக்கிற எல்லாரும் தயவுசெய்து அந்த கிரீஸ் நிப்பிளுகளை மறக்காதேங்கோ, எங்கட கிறவல் றோட்டுப் புழுதிக்கு மாசத்துக்கு ஒருக்காவாவது அடியுங்கோ. புது புஷ் கடைஞ்சு தந்ததுக்கும், "திறனியனை நான் கடையமாட்டன், அது உயிர் விசயம், புதுசு எடு" எண்டு சொன்னதுக்கும் ரெட்டை நன்றி.

கொழும்பில, பஞ்சிகாவத்தையில ஒரு கடை, பேர் வேண்டாம், காசை வாங்கிக்கொண்டு வேற எதுக்கோ உரிய கிளச் பிளேற்றை அனுப்பிப்போட்டு பிறகு போனே எடுக்கேல்லை. அதைக் கேள்விப்பட்டு தன்ர சேமிப்பில இருந்த பழைய பிளேற்றை பஸ்ஸில ஏத்தி அனுப்பினவர் காலிப் பக்கத்து மாத்தயா ஒராள். எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் கால்வாசி, எண்டாலும் காபரேற்றர், கிளச், டைனமோ எண்டு ரெண்டு பேரும் வடிவாக் கதைச்சம். இங்கிலாந்தில பாத் நகரத்து மைனர் கடைக்காரரோட சேந்து இலங்கையிலயே மைனருக்குத் தகடு அடிச்சு அங்க ஏத்தி அனுப்பின கதையை அவரிட்டத்தான் முதல் கேட்டன். நாங்கள் லண்டனில தேடுறம், லண்டன்காரன் எங்களிட்ட வாங்கியிருக்கிறான்! போஹோம ஸ்தூதி மாத்தயா.

தகடு எண்ட உடன மாங்குளம் ரிங்கர் (தகட்டு வேலை செய்யிற) தம்பி. இந்தக் காருக்குத் தனியா சேசி இல்லை, பொடியே சட்டம், கதவுக்குக் கீழ கறள் பிடிச்ச பகுதியை அப்பிடியே வெட்டினா கார் நடுவில தொய்ஞ்சு கதவு பிறகு வாழ்நாளில பூட்டாது. தம்பி கதவு வாசலுக்குக் குறுக்கால இரும்பு வைச்சு வெல்ட் பண்ணி இறுக்கிப்போட்டுத்தான் வெட்டினவன். இருபத்தைஞ்சு வயசும் வராது, ஆர் சொல்லிக் குடுத்ததெண்டு கேட்டா "பாத்தா விளங்குதுதானே அண்ணை" எண்டான். விளங்காத ஆக்கள்தான் கனபேர் தம்பி.

முள்ளியவளை ரீச்சர் அம்மாவிட்ட அவவின்ர தகப்பன் வைச்சிருந்த மைனர் புத்தகம் இருக்கு. அவ்வளவு இடப்பெயர்வுக்கும் பிள்ளையளின்ர சேட்டிபிக்கற்றுகளோட ஒரே பைக்குள்ள கொண்டு திரிஞ்ச புத்தகம். "புத்தகம் வீட்டை விட்டு வெளிக்கிடாது தம்பி, இருந்து படமெடு" எண்டவ. ஒவ்வொரு பக்கமா போனில படமெடுக்க எடுக்க பக்கத்தில கதிரை போட்டிருந்து, திறப்பைத் திருப்பினா முதல் பெற்றோல் பம்பின்ர சத்தத்தைக் கேள், டிக் டிக் எண்டு நாலைஞ்சு அடிச்சு நிண்டா சரி, நிக்காமல் அடிச்சா பெற்றோல் இல்லை இல்லாட்டி எங்கயோ ஒழுகுது, அடிக்கவே இல்லையெண்டா பம்பின்ர தலையில மெல்லமாத் தட்டு எண்டு சொல்லித்தந்தா. அவ கார் ஓடினதே இல்லையாம், பின் சீற்றில இருந்து கேட்டதுதானாம். இண்டைக்கும் நான் அவ சொன்ன மாதிரித்தான் தட்டுறன், வேலை செய்யுது.

பட்டரியின்ர பொசிற்றிவ் பக்கம்தான் பொடிக்குப் போகவேணும், இந்தக் காருக்கு எல்லாம் மாறி எண்டு வயறிங் செய்த பெடியனுக்கு இரவு பத்து மணிக்கு போனில சொல்லித்தந்த வவுனியா அண்ணை, புதுக்குடியிருப்பில தன்ர இரும்புக் குவியலுக்குள்ள என்னை ரெண்டு நாள் கிண்டவிட்டு ஒரு கதவுப் பிடியும் ஹெட்லைற் வளையமும் நிறுவைக் கணக்கில தந்த ஐயா, மெல்லிசு 14 இஞ்சி ரயர் தேடிப் பிடிச்ச மருமகன், எல்லாருக்கும் நன்றி. ஆரையாவது விட்டிருந்தா சொல்லுங்கோ, சண்டைக்கு வராதேங்கோ.

முதல் ஓட்டம் முறிகண்டிப் பிள்ளையாரிட்டத்தான், வேற எங்க. தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கி, திரும்பி வரேக்க ஏ 9ல ஒரு பஸ் ஹோன் அடிச்சு முந்தி, பிறகு மெதுவாக்கி, கொண்டக்ரர் எட்டிப் பாத்து "அண்ணை விக்கிறியளோ" எண்டு கேட்டவர். இல்லை.

இன்னும் ஒரு சாமான் வேணும்: இடப்பக்கக் கதவுத் தூணுக்குள்ள இருந்து நீட்டுற சிக்னல் கை. வலப்பக்கக் கை நல்லா வேலை செய்யுது, இடப்பக்கம் திரும்ப நான் என்ர கையை வெளியால நீட்ட ஏலாது, பக்கத்தில இருக்கிற ஆள்தான் நீட்டவேணும், அம்மா மாட்டன் எண்டிட்டா. ஆரிட்டயாவது கிடந்தா, உடைஞ்சதெண்டாலும் பரவாயில்லை, சொல்லுங்கோ. என்னட்ட மிச்சமா ஒரு பழைய கிறில், ரெண்டு ஹப் கப், அந்தப் பிழையான கிளச் பிளேற் எல்லாம் இருக்கு, தேவையானவை வந்து எடுங்கோ, காசு வேண்டாம். கிளச் பிளேற் எந்த வாகனத்துக்கு எண்டு கண்டுபிடிச்சா எனக்கும் ஒருக்கா சொல்லிவிடுங்கோ.