ஒரே பிரதியை எத்தனை தடவை கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

அலுவலகத்தில் கடதாசிச் சிக்கனம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் பிரிண்டரைத்தான் பார்க்கிறார்கள். வன்னியில் நீண்டகாலம் எழுதுவினைஞராக இருந்த எனக்கு, விரயம் அதற்கு முன்பே, பொதுமக்கள் வந்து நிற்கும் மேசையில் தொடங்குவதாகப் படுகிறது.

துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவரிடம் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் என எல்லாவற்றுக்கும் போட்டோப் பிரதி கேட்கிறார்கள். பிறகு வேறொரு உதவிக்கு விண்ணப்பிக்க வந்தால் அதே பிரதிகள் மறுபடியும் வேண்டுமாம். முன்பு கொடுத்தவை அதே கட்டடத்தில், பக்கத்துக் கிளையின் கோவையில் கிடக்கின்றன! 2009இல் இறுதிப் போரின்போது வீடு வாசலோடு ஆவணங்களையும் இழந்து, பின்னர் நடமாடும் சேவைகளில் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்த மக்கள் இவர்கள். பொலித்தீன் பைக்குள் பத்திரப்படுத்திக் கொண்டுவரும் மூலப்பிரதியை அலுவலர் பார்த்து, இலக்கத்தைப் பதிவேட்டில் குறித்து ஒப்பமிட்டால் போதாதா? இலத்திரனியல் ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாட்டில் இருக்கிறது. ஒருமுறை ஸ்கான் செய்ததை எல்லாக் கிளைகளும் பார்க்கும்படி வைக்கலாம்.

பிரிண்டர் பக்கமும் கவனிக்க வேண்டியவை உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதம் அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் புரியாத குறிகளாக அச்சாகிறது. அந்தத் தாள்கள் நேரே குப்பைக்கூடைக்குப் போகின்றன. எல்லாக் கணினிகளும் ஒரேமாதிரி வாசிக்கும் யுனிகோடுக்கு மாறினால் அது நின்றுவிடும். ஒப்பமும் பதவிப் பெயரும் மட்டும் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தோடும் கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அச்சிடுமுன் திரையில் பார்த்து ஓரத்தைச் சற்றுக் குறைத்தால் ஒரே தாளில் அடங்கும். உள் அலுவலகக் குறிப்புகளுக்கு வரைவுத் தரமும் இருபக்க அச்சும் தாராளமாகப் போதும். மாரி காலத்தில் பிரித்த கடதாசிப் பொதியைத் திறந்தபடி விட்டால் ஈரம் பிடித்து பிரிண்டருக்குள் சிக்கிக் கசங்கும். மீண்டும் உறைக்குள் வைத்து மூடுங்கள். டோனர் குறைந்துவிட்டதாக எச்சரிக்கை வந்தவுடன் கழற்றி எறியவும் வேண்டாம். மெதுவாக அசைத்துப் பொருத்தினால் இன்னும் பல பக்கங்கள் தெளிவாகவே வரும்.

2022இல் அந்நியச் செலாவணி இல்லாமல் கடதாசி இறக்குமதி முடங்கி, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் ஒருபக்கம் அச்சான தாளின் மறுபக்கத்தில் எழுதிப் பழகிய நமக்குக் கடதாசியின் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

வன்னியின் பிரதேச செயலகங்களில் ஒன்றாவது முதலில் இதைச் செய்து பார்க்கட்டும்: ஏற்கெனவே கோவையில் உள்ள ஆவணத்துக்கு மக்களிடம் மறுபிரதி கேட்பதில்லை என்று முடிவெடுத்து, அதை வாசலில் தமிழில் எழுதி ஒட்டட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
கிளிநொச்சி.